'பாதுகாப்பு' என்றால் கேள்வி கேட்கக் கூடாதா?

சில காலத்திற்கு முன் காணி உரிமை பற்றிய கருத்தரங்கு ஒன்றில், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, "சுவாமி, கோடு கச்சேரி எண்டு இவ்வளவு வருசம் அலைஞ்சு நாங்கள் என்னத்தைக் கண்டனாங்கள்?" என்று கேட்டார். அவருடைய கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதி இருந்தது. 1990 ஜூனில் ஊரை விட்டு ஓடும்போது அதையும் குடும்ப அட்டையையும் மட்டுமே எடுத்து வர முடிந்ததாம். மேசையில் அமர்ந்திருந்த எம்மில் எவரும் அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. வளவாளராக வந்திருந்த சட்டத்தரணி சட்டத்தின் பிரிவுகளை விளக்கத் தொடங்கினார். பெரியவர் மரியாதைக்காகக் கேட்டுக் கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்கு எம்மால் இயன்ற பதிலை இங்கே எழுத முற்படுகிறோம். அப்பதில் முழுவதும் ஆறுதல் தரக்கூடியதல்ல என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

எமது குடும்பங்கள் யுத்த காலத்தில் மிகக் கூடுதலாகக் கேட்ட சொல் 'பாதுகாப்பு' என்பதாகத்தான் இருக்கும். வயலுக்குப் போடும் யூரியா வராமல் நின்றது பாதுகாப்புக்காக. விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமற் போனதும் பாதுகாப்புக்காக. விறகுக்குக் காட்டுக்குப் போகத் தடை, கடலுக்குப் போக நேரக் கட்டுப்பாடு, பக்கத்து ஊருக்குப் போகப் பாஸ், கடைசியில் செம்மண் தோட்டமும் கிணறும் கோயிலும் பாடசாலையும் முட்கம்பிக்கு உள்ளே போனமை எல்லாவற்றிற்கும் அந்த ஒரே சொல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. அச்சொல்லைக் கேட்டவுடன் வாயை மூடிக் கொள்வதற்கு நாம் பழகி விட்டோம். அதிகாரிகளும் அப்படியே பழகி விட்டார்கள்.

பாதுகாப்பு என்பது வெறும் சாட்டு என்று நாம் சொல்ல வரவில்லை. தெகிவளையில் புகையிரதத்தில் 1996இல் குண்டு வெடித்தபோது இறந்தவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த சாதாரண மக்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளோடு வழிபாட்டுக்குச் சென்றவர்கள் மாண்டார்கள். அக்குடும்பங்களிடம் போய்ப் பாதுகாப்பு முக்கியமல்ல என்று எவராவது சொல்ல முடியுமா? அந்த ஞாயிறு தொடர்பாக உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி வழங்கிய தீர்ப்பை எமது வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனவும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றின் உயர் பொறுப்புகளில் இருந்தவர்களும் தத்தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டுமெனவும் கட்டளையிட்டது. ஆகவே பாதுகாப்புப் பற்றி நீதிமன்றம் பேசக் கூடாது என்ற வாதம் இனி எடுபடாது. பாதுகாப்புக் கொடுக்கத் தவறியதற்காக அரசாங்கத்தைக் கணக்குக் கேட்க முடியுமானால், பாதுகாப்பின் பெயரால் பறித்தவற்றுக்கும் அதே நீதிமன்றத்தில் கணக்குக் கேட்கலாம்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் நடமாடுவதற்கும் விரும்பிய இடத்தில் வசிப்பதற்கும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. அடுத்து வரும் 15ஆம் உறுப்புரை, தேசிய பாதுகாப்பின் நலன் கருதி அச்சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஒரு கை கொடுப்பதை மறு கை எடுக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆனால் 15ஆம் உறுப்புரையில் அதிகாரிகள் வேகமாகத் தாண்டிச் செல்லும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டுப்பாடு 'சட்டத்தினால்' விதிக்கப்பட்டிருக்க வேண்டும். முகாம் பொறுப்பதிகாரியின் விருப்பமோ, காவலரணில் நிற்பவரின் வாய்ச் சொல்லோ, கச்சேரியிலிருந்து வந்த சுற்றறிக்கையோ சட்டம் ஆகாது. சித்திரவதை செய்யப்படாதிருக்கும் உரிமையைச் சொல்லும் 11ஆம் உறுப்புரைக்கோ எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. நாட்டுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும் கிடையாது.

இந்த நிபந்தனையின் பெறுமதியை எமக்குக் காட்டித் தந்தவர் பெரிய அரசியல்வாதி ஒருவரல்லர். வவுனியா சிதம்பரபுரம் நலன்புரி நிலையத்தில் இருந்த, எம்மைப் போன்ற இடம்பெயர்ந்த ஒருவரே அவர். நிலையத்தை விட்டு வெளியே போவதென்றால் பொலிஸ் காவல் நிலையத்தில் அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நடைமுறை அங்கே இருந்தது. அந்த வாழ்க்கையை அனுபவித்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. காலையில் வரிசையில் நின்று பாஸ் எடுத்து வெளியே வருவதற்குள் கூலி வேலைக்கு ஆள் பிடித்து முடிந்து விடும். வயல் வேலை பாஸுக்காகக் காத்திருக்காது. இதனை எதிர்த்து அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், 2002 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய நடமாடும் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. முகாமில் இருப்பவரும் முழுமையான பிரசையே என்பதை இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் எழுத்தில் சொன்னது எமக்கு மிகப் பெரிய விடயமாகப்பட்டது.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகளும் மக்கள் வெளியேறுவதற்குப் பாஸ் நடைமுறையை வைத்திருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம் மக்களை அவர்கள் வெளியேற்றியபோதும் பாதுகாப்பு என்ற காரணமே சொல்லப்பட்டது. அந்தப் பாஸை எதிர்த்தோ, அந்த வெளியேற்றத்தை எதிர்த்தோ வழக்குப் போட எமக்கு எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. அரசாங்கத்தின் நீதிமன்றத்தைக் குறை கூறும் நாம், கதவே இல்லாத வீட்டையும் கண்டவர்கள்.

சிதம்பரபுரத் தீர்ப்பு வந்து ஏழு ஆண்டுகள் செல்வதற்கு முன், 2009இல், யுத்தத்திலிருந்து தப்பி வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். முட்கம்பிக்கு அந்தப் பக்கம் பிள்ளையும் இந்தப் பக்கம் தாயும் நின்று பேசிய காட்சியை எம்மில் பலர் நேரிலேயே கண்டோம். 2002 தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் முகாமின் படலையை அது திறக்கவில்லை. 2009 டிசம்பர் முதலாந் திகதி தொடக்கம் வெளியே சென்று வர அனுமதி கிடைத்ததென்றால் அது அரசாங்கத்தின் முடிவினால் கிடைத்தது. ஒரு தீர்ப்பு தானாக நடந்து வந்து எவரையும் விடுவிக்காது. அதை எடுத்துக் கொண்டு மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படி ஏற ஆள் வேண்டும். முகாமுக்குள் இருப்பவர் கொழும்புக்கு எப்படி ஏறுவது?

ஏற ஆள் இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் தங்குவிடுதிகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு செல்லக் காத்திருந்தவர்கள், திருமணத்துக்கு நகை வாங்க வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே பட்டியலில் அடங்கினர். காரணம் பாதுகாப்பு. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனடியாக மனுத் தாக்கல் செய்தது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவு பிறப்பித்தது. வெளியேற்றம் நின்றது; அனுப்பப்பட்டவர்களில் பலர் திரும்பியும் வந்தார்கள். ஆயிரம் கண்டன அறிக்கைகள் செய்ய முடியாததை ஒரு நாளில் ஒரு கட்டளை செய்தது.

அதே ஆண்டிலேதான் சம்பூர் மக்களின் விடயமும் வந்தது. 2006இல் குண்டு வீச்சினால் ஓடியவர்கள் திரும்புவதற்கு முன்னரே, 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அதை எதிர்த்துச் சென்ற மனுவைத் தொடர்ந்து நடத்த உயர் நீதிமன்றம் அனுமதி வழங்கவில்லை. விடுதிகளிலிருந்து ஒரே இரவில் ஆட்களை அகற்றுவது பிழை என்று கண்ட நீதிமன்றம், ஊர்களை முழுவதுமாக மூடுவதை விசாரித்துப் பார்க்கவும் முன்வரவில்லை. பின்னர் நடந்தது என்ன? பாதுகாப்புக்கு இன்றியமையாதது எனப்பட்ட நிலப்பரப்பில் அனல் மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கென முதலீட்டாளரிடம் போயிற்று. 2015 மே மாதத்தில் ஜனாதிபதி அந்த ஒதுக்கீட்டை இரத்துச் செய்த பின்னரே சம்பூர் மக்கள் தங்கள் காணிகளில் மீண்டும் கால் வைத்தார்கள். படையினருக்குத் தேவை என்று எடுத்த காணி தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டதாக மாறியபோது, 'பாதுகாப்பு' எங்கே போயிற்று என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. 2007இலேயே கேட்டிருந்தால் அம்மக்கள் கிளிவெட்டி முகாம் போன்ற இடங்களில் அத்தனை ஆண்டுகளைக் கழித்திருக்க வேண்டியதில்லை என்பது எமது உறுதியான எண்ணம்.

நீதியரசர்கள் ஏன் தயங்குகிறார்கள்? காரணம் புரியாததல்ல. எந்த முகாம் எங்கே இருக்க வேண்டும், எறிகணை எவ்வளவு தூரம் பாயும் என்பன நீதிமன்றத்துக்குத் தெரிந்த விடயங்களல்ல. தவறாகத் தீர்ப்பளித்து நாளை ஓர் அனர்த்தம் நிகழ்ந்தால் என்ன செய்வது என்ற பயமும் உண்டு. இத்தயக்கம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1941இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் ஒரு தடுப்புக் காவல் வழக்கு வந்தபோது, ஐந்து நீதியரசர்களில் நால்வர் அமைச்சர் நம்பினார் என்றால் போதும், காரணம் கேட்கத் தேவையில்லை என்றார்கள். அட்கின் பிரபு என்ற ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். காலப்போக்கில் அந்நாட்டு நீதிமன்றங்களே அட்கினின் பக்கம் வந்து சேர்ந்தன. இங்கும் நீதிமன்றம் எப்போதும் பணிந்து போனதென்று சொல்ல முடியாது. 1998இல் அவசரகால ஒழுங்குவிதியைப் பயன்படுத்தி ஐந்து மாகாண சபைகளின் தேர்தலை ஒத்திவைத்தபோது, அது உரிமை மீறல் என்று 1999இல் உயர் நீதிமன்றம் துணிந்து தீர்ப்பளித்தது.

எறிகணையின் தூரத்தை நீதியரசர் அளக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தீர்கள், இந்தக் காணி முழுவதும் தேவையா, எதுவரை தேவை என்று கேட்பதற்கு யுத்தக் கல்வி வேண்டியதில்லை. எமது ஊரில் ஒரு கமக்காரன் வேலிக்குக் கதியால் நடுவதென்றால் எல்லையோடுதான் நடுவான். வேலிக்குப் பாதுகாப்பு என்று சொல்லிப் பக்கத்துக் காணி முழுவதையும் வளைத்தால் விதானையார் கேட்பார். விதானையார் கேட்கக் கூடிய கேள்வியை நீதியரசர் கேட்கலாம்.

வலிகாமம் வடக்கு விடயத்தில் இக்கேள்விகள் கேட்கப்பட்டன. ஆனால் பதில் வரும்வரை ஒரு தலைமுறை சென்று விட்டது. 2003இல் மாவை சேனாதிராசா போன்றோர் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2009இல் யுத்தம் முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டமும் நீங்கியது. ஆகவே காணிகளை வைத்திருக்கச் சட்ட ஆதாரம் எங்கே என்ற கேள்வி கூர்மையானது. 2013 ஏப்ரலில் அதற்குப் பதில் போல, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் 6,381 ஏக்கரை எடுப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்று அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அந்த உரிமையாளர்கள் சில மைல் தூரத்தில், அரசாங்கமே பதிவு செய்து நிவாரணம் கொடுத்த முகாம்களில் இருந்தார்கள்! அவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் தங்களைத் தாங்களே கண்டறிந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மனுவோடு சென்றார்கள். சுவீகரிப்பு அத்தோடு முன்னேறவில்லை. 2015 தொடக்கம் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இன்னமும் விடுபடாத துண்டுகள் உண்டு.

காணிகளை விடுவித்தது அரசியல் மாற்றமா, வழக்கா என்று வாதிடலாம். இரண்டும் என்பது எமது கருத்து. வழக்கு நிலுவையில் இருந்தபடியால்தான் அக்காணி சட்டப்படி அரசாங்கத்தின் சொத்தாகி விடவில்லை. பின்னர் வந்தவர்களால் 'விடுவிக்க' முடிந்தது. தோற்ற வழக்கைப் போலத் தெரிந்த ஒன்று காணியை உயிரோடு வைத்திருந்தது. ஆனால் விடுபட்ட காணிக்குள் போனவர்கள் கண்டதென்ன? வீடு தரைமட்டம். கிணறு தூர்ந்து விட்டது. எல்லைக்கற்கள் இல்லை. புகையிலையும் வெங்காயமும் விளைந்த செம்மண்ணில் எருக்கலையும் ஈச்சம் பற்றையும். 25 வயதில் ஓடியவருக்கு 50 வயது. தோட்டம் செய்யப் பழகாத பிள்ளைகள். நீதிமன்றத்தில் ஒரு தவணை தள்ளிப் போவது சட்டத்தரணிக்கு ஒரு தவணை; எமக்கு அது ஒரு போகம். தாமதத்தையும் ஒரு தீர்ப்பாகவே நாம் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. தேசிய பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட வழக்குகளில் இறுதித் தீர்ப்புக்குக் காலம் பிடிக்குமானால், அதற்கிடையில் கிணறு துப்புரவு செய்யவும் பனை மரத்தைப் பேணவும் பகலிலாவது சென்று வர இடைக்கால அனுமதி வழங்குவதை நீதிமன்றங்கள் வழமையாக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். எதிர்காலத்தில் எவருடைய காணிக்கு இது நேர்ந்தாலும், அவர் தமிழராயினும் முஸ்லிமாயினும் சிங்களவராயினும், இது பொருந்தும்.

எமது பக்கத்திலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் கூடாரம் தேடுவதிலும் நிவாரண அட்டைக்கு அலைவதிலும் போய்விடும். இச்சட்டம் திருத்தப்பட வேண்டியதே. திருத்தப்படும்வரை ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கட்டாயம் வாங்கி வைத்திருங்கள். வாய்மொழியாகச் சொல்லி விட்டு வந்தால் பின்னர் எதுவும் மிஞ்சாது. சட்ட உதவி ஆணைக்குழுவிடம் செல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். காணி பற்றிய எந்த அறிவித்தலையும் மரத்தில் ஒட்டியிருக்கக் கண்டால், திகதியோடு அதைப் படம் பிடித்து வையுங்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் வாசித்து விளங்கிய பின்னரே போடுங்கள்.

கருத்தரங்கு முடிந்து தேநீர் நேரத்தில் அந்தப் பெரியவரிடம் நாம் தனியே சென்றோம். உறுதியைப் பார்க்கலாமா என்று கேட்டதும், மடிப்புகள் கிழியாமல் விரித்துக் காட்டினார். நான்கு பரப்புத் தோட்டக்காணி, கிணற்றில் மூன்றிலொரு பங்கு, வழி வாய்க்கால் உரித்து. கிழக்கு எல்லையில் ஒழுங்கை. வடக்கு எல்லையாக எழுதப்பட்டிருந்த காணிக்காரர் முகாமிலேயே இறந்து விட்டாராம். "போட்டோக் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறியளோ ஐயா?" என்று கேட்டோம். இல்லை என்றார். அன்று பின்னேரமே மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைச் சட்டத்தரணியிடம் கொடுத்தோம். மூலப்பிரதியைப் பழைய பொலித்தீனிலேயே சுற்றி, சேட்டுக்குள் வைத்துக் கொண்டு அவர் பஸ்ஸுக்குப் போனார். அவருடைய துண்டு இன்னும் கம்பிக்கு உள்ளேதான் இருக்கிறது.